எக்ஸிம் மெயில் சர்வரை நாமே கம்பைல் செய்வது: எந்த வரிக்கு ‘யெஸ்’, எந்த வரி வேண்டாம்

மே கடைசியிலிருந்து ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் யாரிடமும் சர்வரைப் பற்றிப் பேச முடியாது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கும். ஆபீசில் ஒருவர் கன்டெய்னர் புக்கிங் மெயிலுக்காகக் காத்திருப்பார், இன்னொருவர் துறைமுக ஏஜென்ட்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருப்பார். அப்படி ஓர் ஆலையின் மெயில் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் அதன் மேல் கை வைப்பதில்லை. புதுப் பதிப்பு போடுவது, கம்பைல் செய்வது (மூல நிரலிலிருந்து ஓடும் நிரலை உண்டாக்குவது) எல்லாம் மார்கழிக் குளிரில், ஆலையைக் கழுவித் துடைத்து மூடி வைத்திருக்கும்போதுதான்.

அந்த மார்கழி வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்வர் லினக்ஸ், டெபியன். மெயில் மென்பொருள் எக்ஸிம். 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் எழுதத் தொடங்கியது. பில்ட் ஆப்ஷன் (கம்பைல் செய்யும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் வரி) எல்லாவற்றையும் ஒரே கோப்பில், பக்கத்திலேயே விளக்கத்தோடு வைத்திருப்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். வாசிக்கப் பொறுமை இருந்தால் போதும்.

ஒரு குறிப்பு. ஆப்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் நடுவில் அடிக்கோடு போட்டு இருக்கும். ‘எக்ஸிம் யூசர்’ என்று நான் எழுதினால், அங்கே நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு.

இது தேவையா என்று முதலில் கேளுங்கள்

டெபியனில் எக்ஸிம் பேக்கேஜ் இரண்டு வகையாகக் கிடைக்கிறது: லைட், ஹெவி. லைட்டில் அடிப்படை வேலைகள் உண்டு. ஹெவியில் எல்டாப், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மாதிரித் தரவுத்தள இணைப்புகள், உள்ளேயே உட்கார்ந்த பெர்ல் நிரல்மொழி, எஸ்பிஏ என்ற விண்டோஸ் வகை லாகின், வைரஸ் ஸ்கேனிங் என்று கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி எல்லாம் உண்டு. இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் இதோடு நிறுத்திவிடலாம். பேக்கேஜாக இருந்தால் பாதுகாப்புத் திருத்தத்தை டெபியன்காரர்கள் அனுப்புவார்கள், நீங்கள் அப்டேட் மட்டும் கொடுத்தால் போதும். நாமே கம்பைல் செய்த பைனரிக்கு (ஓடும் நிரல் கோப்புக்கு) அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில் விழும்.

எங்களுக்கு ஸ்கேனிங் வேண்டும், ஆகவே லைட் போதாது. ஹெவியில் இருக்கும் தரவுத்தளம் ஒன்றுகூட எட்டு மேஜை ஆபீசுக்கு வேண்டாம். அதனால் நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். வேண்டாததை விட்டால் என்ன லாபம் என்று 2023இல் கண்ணால் பார்த்தேன். அதைக் கீழே லாகின் பகுதியில் சொல்கிறேன்.

கம்பைல் தொடங்கும் முன் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் நாற்பது பக்க நோட்டே போதும். எந்த ஆப்ஷனுக்கு ‘யெஸ்’ போட்டாலும் ஏன் போட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த ஆப்ஷன் உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

சாமான் சேர்ப்பது

சோர்ஸை (மூல நிரலை) எக்ஸிமின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூடவே சிறிய கையொப்பக் கோப்பு ஒன்றும் இருக்கும். அதையும் இறக்கி, ஜிபிஜி என்ற கையொப்பச் சரிபார்ப்பு நிரல் கொண்டு சரிபார்த்த பிறகே பிரியுங்கள். ரூட் (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) அதிகாரத்தோடு ஓடப்போகிற பைனரி இது. இந்த ஐந்து நிமிடத்தில் சோம்பல் பார்க்கக் கூடாது.

பிறகு தேவையான லைப்ரரிகள். சி கம்பைலரும் மேக்கும் அடங்கிய பில்ட் எசென்ஷியல், பேக்கேஜ் கான்ஃபிக், பெர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், பெர்க்லி டிபி, பிசிஆர்இ. இதில் பிசிஆர்இ விஷயத்தில் கவனம். 4.96 பதிப்பிலிருந்து எக்ஸிமுக்கு பிசிஆர்இ2தான் வேண்டும், பழையது உதவாது. அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரியை எழுதியவரும் இதே ஃபிலிப் ஹேசல்தான். எக்ஸிமுக்காகச் செய்தது பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை இடறுவார்கள். என்னோடு வேலை பழகும் பையன் போன வருடம் தனியாக முயன்று பார்த்தான், எஸ்பிஎஃப்பையும் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் முறை) சேர்த்து. பத்து நிமிடத்தில் போன்.

“அண்ணா, எஸ்பிஎஃப் லைப்ரரி இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஆனா கம்பைல் பாதியில நிக்குது. ‘எஸ்பிஎஃப் டாட் ஹெச்’ அப்படின்னு ஒரு ஃபைல் இல்லையாம்.”

“பேக்கேஜ் பேரு கடைசில ‘டெவ்’ இருந்துச்சா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இல்லண்ணா.”

டெபியனில் ஒவ்வொரு லைப்ரரியும் இரண்டு பொட்டலமாக வரும். ஒன்று ஓடுவதற்கு. இன்னொன்று, பெயரின் முடிவில் ‘டெவ்’ என்று வருவது, கம்பைல் செய்வதற்கு. ‘டாட் ஹெச்’ என்று முடியும் தலைப்புக் கோப்புகள் இரண்டாவதில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன லைப்ரரி எல்லாவற்றுக்கும் ‘டெவ்’ பொட்டலத்தைப் போடுங்கள். ‘இந்தக் கோப்பு இல்லை’ என்று கம்பைலர் நின்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுவே.

கம்பைல் செய்வதை நிஜ சர்வரிலேயே செய்யாமல், அதே டெபியன் பதிப்பு உள்ள ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்து பழகுங்கள். கம்பைலர் இல்லாத சர்வர் நல்ல சர்வர் என்பது என் கட்சி.

எடிட்மீ கோப்பும் கட்டாயமான மூன்றும்

சோர்ஸைப் பிரித்ததும் ‘எஸ்ஆர்சி’ ஃபோல்டருக்குள் ‘எடிட்மீ’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதை நேரடியாகத் திருத்தாதீர்கள். மேல்மட்டத்தில் ‘லோக்கல்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் ‘மேக்ஃபைல்’ என்ற பெயரில் நகலெடுத்து, நகலைத் திருத்துங்கள். அடுத்த பதிப்பு வரும்போது பழைய நகலையும் புதிய எடிட்மீயையும் டிஃப் (இரண்டு கோப்பை ஒப்பிடும் கட்டளை) போட்டுப் பார்த்தால் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இந்தக் கோப்பில் மூன்றை நிரப்பாமல் நகர முடியாது. ‘பின் டைரக்டரி’ என்பது பைனரி போய் உட்காரும் இடம். மாதிரியில் யூஎஸ்ஆருக்குள் எக்ஸிம், அதற்குள் பின் என்று இருக்கும். நான் அப்படியே விட்டுவிடுவேன். டெபியன் பேக்கேஜின் கோப்புகளோடு கலக்காது, ‘நம்முடையது எது, அவர்களுடையது எது’ என்ற குழப்பமும் இல்லை. ‘கான்ஃபிகர் ஃபைல்’ என்பது அமைப்புக் கோப்பு இருக்கும் இடம். காற்புள்ளி அல்ல, முக்காற்புள்ளி போட்டு ஒன்றுக்கு மேல் கொடுக்கலாம். எது முதலில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இருந்தால் எக்ஸிம் வாசிக்கவே மறுக்கும்.

மூன்றாவது ‘எக்ஸிம் யூசர்’. இது காலியாக இருக்கும், நீங்கள்தான் எழுத வேண்டும். ரூட் என்று போட்டால் பில்ட் ஏற்காது. முதலில் லாகின் ஷெல் இல்லாத ஒரு சிஸ்டம் யூசரை உண்டாக்குங்கள். பெயரை எழுதினால் கம்பைல் ஆகும் நேரத்தில் அந்த மெஷினில் பெயரைத் தேடி, எண்ணாக மாற்றி, பைனரிக்குள் பதித்துவிடும். வேறு மெஷினில் கம்பைல் செய்து எடுத்துப் போகிறவர்களுக்கு வில்லங்கம் இங்கே ஒளிந்திருக்கிறது. அங்கே அந்த யூசரின் எண் ஒன்றாகவும் சர்வரில் வேறாகவும் இருந்தால், ஸ்பூல் ஃபோல்டர் (மெயில்கள் காத்திருக்கும் இடம்) முழுக்க யாரோ ஒரு அந்நியன் பெயரில் போய் நிற்கும். தீர்வு சுலபம். பெயருக்கு முன்னால் ‘ரெஃப்’ என்று எழுதி முக்காற்புள்ளி வையுங்கள். அப்போது ஓடும் நேரத்தில்தான் பெயரைத் தேடும். எண்ணாகவே எழுதுகிறவர்கள் ‘எக்ஸிம் குரூப்’ வரியையும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

அப்புறம் ‘எக்ஸிம் மானிட்டர்’ என்ற வரி. வரைகலைத் திரையில் க்யூவை (காத்திருக்கும் மெயில் வரிசையை) காட்டும் சிறு நிரல் அது. சர்வரில் திரையே இல்லை. வரிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டு அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எக்ஸ் விண்டோ லைப்ரரிகளைக் கேட்டு அடம்பிடிக்கும்.

‘ஸ்பூல் டைரக்டரி’யில் பழைய சர்வர் எந்த இடத்தைப் பயன்படுத்தியதோ அதையே எழுதுங்கள். மாற்றி எழுதினால் பழைய க்யூவில் நிற்கும் மெயில்கள் புது பைனரியின் கண்ணில் படாது. ‘லாக் ஃபைல் பாத்’தில் சதவிகிதக் குறியும் சின்ன ‘எஸ்’ஸும் வரும் இடத்தை அழித்துவிடாதீர்கள். மெயின், ரிஜெக்ட், பேனிக் என்ற மூன்று லாக் பெயர்களும் அந்த இடத்தில்தான் நிரம்பும்.

டிஎல்எஸ்

இப்போது டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) இல்லாமல் யாரும் பேசமாட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் ‘சப்போர்ட் டிஎல்எஸ்’ என்ற வரியைப் பார்ப்பீர்கள். 4.93இலிருந்து கதை மாறிவிட்டது. ‘யூஸ் ஓப்பன்எஸ்எஸ்எல்’ அல்லது ‘யூஸ் குனூடிஎல்எஸ்’, இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டவே வேண்டாம் என்றால் ‘டிஸேபிள் டிஎல்எஸ்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் ஓப்பன்எஸ்எஸ்எல் பக்கம். ஏதாவது தகராறு என்றால் சோதித்துப் பார்க்க அதன் கட்டளை கையிலேயே இருக்கிறது என்பதைத் தவிரப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கூடவே ‘பிசி’ என்று முடியும் இணை வரியையும் திறந்துவிட்டால் லைப்ரரி எங்கே என்று பேக்கேஜ் கான்ஃபிக்கே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

மெயில் எங்கே போய் விழும்

‘டிரான்ஸ்போர்ட்’ (மெயிலைக் கொண்டு சேர்க்கும் வழி) என்று தொடங்கும் வரிகளில் அப்பெண்ட்ஃபைல், ஆட்டோரிப்ளை, பைப், எஸ்எம்டிபி நான்கும் திறந்தே இருக்கும். ‘எல்எம்டிபி’ மூடியிருக்கும். மெயில்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட் என்ற நிரலுக்கு எல்எம்டிபி (மெயிலை ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக மெயில் கொடுக்கப்போகிறோம், உடனே திறந்துவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். டவ்காட் ஒரு டிசிபி போர்ட்டில் எல்எம்டிபி கேட்டுக்கொண்டிருந்தால் எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டிலேயே புரோட்டகால் என்ற இடத்தில் எல்எம்டிபி என்று மாற்றினால் போதும், தனி டிரான்ஸ்போர்ட் தேவையில்லை. யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே அந்த வரி வேண்டும். எங்களிடம் சாக்கெட், அதனால் திறந்தேன். நோட்டில் காரணம்: ‘டவ்காட் சாக்கெட்’.

நேராக மெயில்டிர் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) ஃபோல்டரில் எழுதுகிறவர்கள் ‘சப்போர்ட் மெயில்டிர்’ வரியைத் திறக்க வேண்டும். இது மாதிரிக் கோப்பில் மூடியே இருக்கும். திறக்காமல் கம்பைல் செய்து, அமைப்புக் கோப்பில் மெயில்டிர் ஃபார்மட் என்று எழுதினால், அப்படி ஓர் ஆப்ஷனே தெரியாது என்று எக்ஸிம் கிளம்பவே மறுக்கும். எழுத்துப்பிழை என்று நினைத்து அரை மணி நேரம் அந்த வரியையே உற்றுப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. எக்ஸிமில் ‘ஆப்ஷன் தெரியாது’ என்று வந்தால் எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம், கம்பைலில் விட்டதாகவும் இருக்கலாம்.

லாகின் முறைகள்: இங்கே கை இறுக்கமாக இருக்க வேண்டும்

‘ஆத்’ என்று தொடங்கும் வரிகள் வரிசையாக இருக்கும்: கிராம் எம்டி5, சைரஸ் எஸ்ஏஎஸ்எல், டவ்காட், எக்ஸ்டர்னல், பிளெயின்டெக்ஸ்ட், எஸ்பிஏ இப்படி. இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் திறந்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

2023 செப்டம்பர் கடைசியில் எக்ஸிமில் சில ஓட்டைகள் வெளியே தெரிந்தன. லாகின் செய்யாமலே வெளியிலிருந்து தாக்கக்கூடிய வகை. அவற்றில் முக்கியமானது எக்ஸ்டர்னல் லாகின் முறையில் இருந்தது, இன்னொன்று எஸ்பிஏ முறையில். அக்டோபர் தொடக்கத்தில் 4.96.1 என்று திருத்தம் வந்தது. அன்றைக்கு என் நோட்டைப் புரட்டினேன். எக்ஸ்டர்னல் இல்லை, எஸ்பிஏ இல்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அதே அக்டோபரில் 4.96.2 வந்தது. அதில் திருத்தியவற்றில் ஒன்று டிஎன்எஸ்டிபி லுக்கப் (டிஎன்எஸ்ஸில் தேடுவது) என்ற பகுதி. அது மாதிரிக் கோப்பிலேயே திறந்திருக்கும் வரி, என் பைனரியிலும் இருந்தது. நான் பயன்படுத்தவே இல்லை, மூடவும் இல்லை. சாயங்காலம் உட்கார்ந்து மறுபடி கம்பைல். அந்த வரிக்கு நோட்டில் காரணமே எழுதியிருக்கவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். இப்போது அதன் முன்னால் ஹேஷ் குறி இருக்கிறது.

எங்களுக்கு இரண்டே லாகின் முறைகள். ‘டவ்காட்’, ஆபீஸ் ஆட்கள் மெயில் அனுப்ப லாகின் செய்யும்போது கடவுச்சொல்லை டவ்காட்டிடமே கேட்டுக்கொள்ள. ‘பிளெயின்டெக்ஸ்ட்’, நாங்கள் வெளியே அனுப்புவதற்கு. ஆபீசுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் சர்வர்கள் தமக்குள் மெயில் கொடுக்கும் 25ஆம் போர்ட்டை வெளியே போக விடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்பேம் அனுப்பும் வைரஸ் கம்ப்யூட்டர்களைத் தடுக்க நிறைய பிராட்பேண்ட் இணைப்புகளில் இப்படித்தான். அதனால் எங்கள் சர்வர் 587ஆம் போர்ட் வழியாக வெளியில் ஒரு ரிலே சர்வரிடம் (மெயிலை வாங்கி மேலே அனுப்பும் சர்வர்) லாகின் செய்து மெயிலை ஒப்படைக்கிறது. அந்த லாகினுக்கு பிளெயின்டெக்ஸ்ட் வேண்டும், அது டிஎல்எஸ்ஸுக்குள் மட்டுமே போக வேண்டும். உங்கள் ஊரிலும் இதே நிலைமையாக இருக்கலாம். கம்பைல் தொடங்கும் முன் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதை வைத்தே பாதி ஆப்ஷன்கள் முடிவாகும்.

லுக்கப், ஸ்கேனிங், எஸ்பிஎஃப்

லுக்கப் வரிகளில் ‘எல்சர்ச்’ கட்டாயம், சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் தேடுவது அதுதான். ஒரு விலாசத்தை இன்னொன்றுக்குத் திருப்பும் அலியாஸ் கோப்பு இதில்தான் ஓடும். ‘டிசர்ச்’சும் திறந்திருக்கட்டும். 4.94 பதிப்பிலிருந்து வெளியிலிருந்து வரும் விலாசத்தை அப்படியே கோப்புப் பெயராகப் பயன்படுத்த எக்ஸிம் விடுவதில்லை, ‘டெய்ண்டட்’ (நம்பத்தகாதது) என்று மறுத்துவிடும். அனுப்புகிறவர் தந்த பெயர் நம் ஃபோல்டரில் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும் பெயரைத் திருப்பித் தருவது டிசர்ச்சின் வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். 4.94க்கு முந்தைய அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்து வந்து புதுப் பதிப்பில் போட்டவர்களை அதிகம் வாட்டியது இந்த மாற்றம்தான்.

மைஎஸ்க்யூஎல், எல்டாப் எல்லாம் வேண்டாம். எட்டு பேர் இருக்கும் ஆபீசுக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு தாராளம்.

டிபிஎம் (சிறு தரவுத்தளக் கோப்பு) லுக்கப்பை மூடினாலும் பெர்க்லி டிபி மாதிரி ஒரு லைப்ரரி தேவைப்படும். யாருக்கு மெயில் போகவில்லை, எப்போது மறுபடி முயல வேண்டும் என்ற குறிப்புகளை எக்ஸிம் அந்தத் தரவுத்தளத்தில்தான் எழுதுகிறது. ‘யூஸ் டிபி’ வரியையும், பக்கத்திலேயே இருக்கும் ‘டிபிஎம் லிப்’ வரியையும் திறங்கள்.

‘வித் கன்டென்ட் ஸ்கேன்’ திறந்தால்தான் கிளாம்ஏவி மாதிரியான ஸ்கேனரோடு பேச முடியும். இன்வாய்ஸ் என்ற பெயரில் ஜிப் கோப்பு வருவது ஏற்றுமதி ஆபீசுகளுக்கு அன்றாடம். இது வேண்டும். ‘சப்போர்ட் எஸ்பிஎஃப்’ திறப்பவர்கள் அதன் கீழே இருக்கும் எல்டிஃபிளாக்ஸ் (எந்த லைப்ரரியை இணைப்பது என்று சொல்லும்) வரியையும் சேர்த்துத் திறக்க மறக்கக் கூடாது. முதலாவதை மட்டும் திறந்தால் எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் லிங்க் செய்யும் நேரத்தில் நின்றுவிடும். டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) தானாகவே உள்ளே இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம். டிமார்க் (இந்த இரண்டு சோதனையிலும் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் முறை) வேண்டுமென்றால் எஸ்பிஎஃப்பும் டிகிமும் இரண்டும் இருக்க வேண்டும், கூட ஓப்பன் டிமார்க் லைப்ரரியும். நான் போடவில்லை. ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று தொடங்கும் எதையும் தொடவே வேண்டாம்.

கம்பைலருக்குச் சொல்ல வேண்டியது

இதைப் பல பேர் தவறவிடுகிறார்கள். டெபியன் தன் பேக்கேஜ்களைக் கம்பைல் செய்யும்போது சில பாதுகாப்புக் கவசங்களைச் சேர்க்கிறது: ஸ்டாக் புரொடெக்டர், ஃபோர்டிஃபை சோர்ஸ், இடம் மாறி ஏற்றக்கூடிய பைனரி, ரெல்ரோ. நாமே கம்பைல் செய்யும்போது இவற்றை நாமே கேட்டால்தான் எல்லாம் உறுதியாக வரும். கேட்காமல் விட்டால், நாலு ஆப்ஷனை மூடிப் பெற்ற பாதுகாப்பை இந்தப் பக்கம் தொலைத்தமாதிரி. சிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் வரிகளில் இவற்றைச் சேருங்கள். ஃபோர்டிஃபை வேலை செய்ய ஆப்டிமைசேஷன் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சேர்க்கும்போது கூட்டல் குறியும் சமக்குறியும் சேர்த்துப் போடுங்கள். வெறும் சமக்குறி போட்டால் லினக்ஸுக்கென்று எக்ஸிம் முன்பே வைத்திருக்கும் அமைப்புகள் அழிந்து, நீங்கள் எழுதியது மட்டும் நிற்கும். எஸ்பிஎஃப்புக்காக எழுதிய எல்டிஃபிளாக்ஸும் இப்படித்தான் காணாமல் போகும். ஒரு கூட்டல் குறி.

மேக் கொடுப்பது, பார்ப்பது, பதிப்பது

மேல்மட்ட ஃபோல்டரில் நின்று ‘மேக்’ என்று கொடுங்கள். இயங்குதளம், பிராசஸர் பெயர்களோடு ஒரு பில்ட் ஃபோல்டர் உருவாகி அதற்குள் வேலை நடக்கும். ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். ‘எக்ஸிம் பைனரி பில்ட்’ என்ற வரி வந்தால் வெற்றி. நடுவில் நின்று, என்ன கட்டளை ஓடியது என்று தெரிய வேண்டுமென்றால், ஃபுல் எக்கோ என்ற மாறியைக் காலியாக வைத்து, மேக்குக்குக் கழித்தல் குறியும் சின்ன ‘ஈ’யும் சேர்த்துக் கொடுங்கள், முழுக் கட்டளையும் திரையில் வரும். எல்லாம் குழம்பிவிட்டது என்று தோன்றினால் ‘மேக் டிஸ்ட்க்ளீன்’, பில்ட் ஃபோல்டரே போய்விடும், உங்கள் லோக்கல் மேக்ஃபைல் பத்திரமாக இருக்கும்.

பதிக்கும் முன், இன்ஸ்டால் ஆர்க் என்ற மாறியில் கழித்தல் குறியும் சின்ன ‘என்’னும் கொடுத்து ‘மேக் இன்ஸ்டால்’ செய்யுங்கள். எதையும் செய்யாமல், என்னென்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும். படித்துப் பார்த்துத் திருப்தியானதும் ரூட்டாக நிஜமாகவே ‘மேக் இன்ஸ்டால்’.

பைனரி ‘எக்ஸிம்’ என்ற பெயரில் நேரடியாக உட்காராது. பதிப்பு எண்ணும் கம்பைல் எண்ணும் சேர்ந்த நீளமான பெயரில் உட்கார்ந்து, ‘எக்ஸிம்’ என்பது அதைச் சுட்டும் லிங்க் ஆக இருக்கும். அடுத்த தடவை கம்பைல் செய்தால் எண் ஒன்று கூடும், லிங்க் புதியதற்கு நகரும், பழைய பைனரி அப்படியே கிடக்கும். ஏதாவது தப்பானால் லிங்க்கைப் பழையதற்குத் திருப்பி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே இருக்கும் அமைப்புக் கோப்பின் மேல் இன்ஸ்டால் கை வைக்காது.

பைனரி ரூட்டுக்குச் சொந்தமாக, செட்யூஐடி பிட்டோடு (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் குறி) இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி வரியில் ‘எக்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்’ தெரியும். அந்த டிஸ்க் பகுதி ‘நோசூயிட்’ என்று மவுண்ட் ஆகியிருந்தால் ‘எஸ்’ இருந்தும் பயனில்லை.

இப்போது முக்கியமான கட்டளை: எக்ஸிமுக்குப் பின்னால் கழித்தல் குறி, சின்ன ‘பி’, பெரிய ‘வி’. பதிப்பு எண்ணும் கம்பைல் எண்ணும் முதல் வரியில் வரும். கீழே ‘சப்போர்ட் ஃபார்’ என்று ஒரு வரி. ஓப்பன்எஸ்எஸ்எல், கன்டென்ட் ஸ்கேனிங், டிகிம், எஸ்பிஎஃப் எல்லாம் அதில் இருக்க வேண்டும். லுக்கப் வரியில் எல்சர்ச்சும் டிசர்ச்சும், ஆத்தென்டிகேட்டர் வரியில் டவ்காட்டும் பிளெயின்டெக்ஸ்டும். மெயில்டிர் திறந்தவர்களுக்கு டிரான்ஸ்போர்ட் வரியில் அப்பெண்ட்ஃபைல், சாய்கோடு, மெயில்டிர் என்று சேர்ந்தே தெரியும். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். நோட்டில் இல்லாத பெயர் திரையில் இருந்தால் அதையும் விசாரியுங்கள். இதே கட்டளை அமைப்புக் கோப்பையும் வாசித்துப் பார்ப்பதால் அதில் பிழை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து சின்ன ‘பி’, சின்ன ‘டி’ கொடுத்து, ஒரு விலாசம் எழுதினால் அந்த மெயில் எந்த வழியில் போகும் என்று சொல்லும். சின்ன ‘பி’, சின்ன ‘ஹெச்’ கொடுத்து ஒரு ஐபி எண் எழுதினால், அந்த ஐபியிலிருந்து யாரோ வந்து பேசுகிற மாதிரி நடித்துக் காட்டும். நிஜமாக மெயில் எதுவும் போகாது. எஸ்பிஎஃப் வேலை செய்கிறதா என்று இதில் பார்க்கலாம்.

சர்வீஸ் கோப்பில் நான் விழுந்த பள்ளம்

சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் லினக்ஸ் பகுதி) சர்வீஸ் கோப்பு எழுதும்போது, பாதுகாப்புக்கு நல்லது என்று எங்கோ படித்த வரிகளை எல்லாம் சேர்த்தேன். அதில் ஒன்று ‘நோ நியூ பிரிவிலெஜஸ்’. சனிக்கிழமை சாயங்காலம் ரீஸ்டார்ட் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கள்கிழமை காலை ஆலையின் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார்.

“தம்பி, மெயில் போகுது, போகுதுன்னு சொல்லுது. ஆனா யாருக்கும் போய்ச் சேரல. எனக்கும் ஒண்ணும் வரல.”

நான் சர்வர், போர்ட், ரிலே என்று ஏதோ விளக்கத் தொடங்கினேன். அக்கா நடுவிலேயே நிறுத்தினார். “அதெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. பத்து மணிக்குள்ள வருமா, வராதா?”

எக்ஸிம் மெயிலை வாங்கும்போது சாதாரண யூசராக இருக்கிறது. டெலிவரி செய்யும் நேரத்தில் தன்னையே மறுபடி ஓட்டி, அந்த செட்யூஐடி பிட் வழியாக ரூட் அதிகாரத்தைத் திரும்பப் பெறுகிறது. ‘நோ நியூ பிரிவிலெஜஸ்’ சரியாக அந்தக் கதவைத்தான் பூட்டுகிறது. வாங்கிய மெயில் எல்லாம் ஸ்பூலில் குவிந்து கிடந்தது, பேனிக் லாகில் யூஐடி மாற்ற முடியவில்லை என்ற புலம்பல். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, சிஸ்டம்டியை ரீலோட் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, க்யூவை ஒரு தடவை ஓட்டிவிட்டேன். ஒன்றும் தொலையவில்லை. ஆகவே எக்ஸிமின் சர்வீஸ் கோப்பில் அந்த வரி வேண்டாம். ரீஸ்டார்ட் செய்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மெயில் அனுப்பி, இரண்டும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமையில் செய்யாதீர்கள்.

யூஎஸ்ஆருக்குள் எஸ்பின்னில் ‘சென்ட்மெயில்’ என்ற லிங்க் புது பைனரியைச் சுட்டுகிறதா என்றும் பாருங்கள். நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகளும் மற்ற நிரல்களும் மெயில் அனுப்ப அந்தப் பெயரைத்தான் தேடும்.

இடையில் சர்வரை நிறுத்த வேண்டியிருக்கிறதே, வெளியிலிருந்து வரும் மெயில் தொலைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நம் சர்வர் பேசவில்லை என்றால் அனுப்புகிற சர்வர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டு மறுபடி முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி தரநிலையின் பரிந்துரை. யுபிஎஸ் தீர்ந்து கரண்ட் வரும் வரை சர்வர் படுத்திருந்த நாட்களிலும் எங்களுக்கு மெயில் இப்படித்தான் பிழைத்தது.

பெர்க்லி டிபியின் பதிப்பு மாறிய பிறகு, ஸ்பூலுக்குள் ‘டிபி’ என்ற ஃபோல்டரில் இருக்கும் பழைய கோப்புகளைத் திறக்க முடியவில்லை என்று லாகில் வரலாம். எக்ஸிமை நிறுத்திவிட்டு அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அழித்துவிடலாம். அவை குறிப்புகள் மட்டுமே, மெயில் இல்லை, எக்ஸிம் புதிதாக எழுதிக்கொள்ளும். பக்கத்தில் ‘இன்புட்’ என்று இருக்கும் ஃபோல்டரை மட்டும் தொட்டுவிடாதீர்கள். க்யூவில் நிற்கும் மெயில் அங்கேதான் இருக்கிறது.